சாரல் சீசன்ல காய்ச்சலோட வேலைக்குப் போறீங்களா? ஒரு நிமிஷம் இதைப் படிச்சிட்டுப் போங்க!

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சா, இலஞ்சியில சாரல், பக்கத்துல குற்றாலத்துல கூட்டம். லாட்ஜ் ரிசப்ஷன், ஆயில் மசாஜ் கடை, ஹோட்டல், செல்போன் கடை என எங்கே வேலை பார்த்தாலும் உட்கார நேரம் இருக்காது. இந்த மழை மாதங்களில்தான் இன்ஃப்ளூயன்ஸா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலும் தலைதூக்கும்.

"லேசான காய்ச்சல்தானே, மாத்திரையைப் போட்டுட்டு வந்துடுப்பா!" - சீசன் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்குது.

சாரல்ல நனைஞ்சா ஃப்ளூ வருமா?

நனைவதால் மட்டும் வராது. ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ். இருமல், தும்மல், பேச்சு மூலம் தெறிக்கும் நுண்துளிகளில் அது பரவும். மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரே அறையில் நெருக்கியடித்து இருப்பது அதற்கு ரொம்ப வசதி.

வைரஸ் தொற்றிய 1 முதல் 4 நாள்களில் காய்ச்சல், உடல்வலி, தொண்டைவலி வரும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நீங்கள் மற்றவர்களுக்குப் பரப்பலாம். அதன் பிறகும் 5 முதல் 7 நாள்கள் வரை இது தொடரலாம். பாராசிட்டமால் போட்டால் சூடு குறையும். பரவுவது நிற்காது. கவுன்ட்டரில் நிற்கும் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் பல ஊர்க்காரர்களுக்கு ஃப்ளூ பயணமாகிவிடும்.

வேலை இடத்தில் என்ன செய்யலாம்?

* ஏசி அறையாக இருந்தாலும் அவ்வப்போது ஜன்னல், கதவைத் திறந்துவிடுங்க. லாட்ஜில் ஒரு குடும்பம் காலி செய்ததும் அறையைக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்க.
* பேனா, ரூம் சாவி, கைரேகை மெஷின், கவுன்ட்டர் மேஜை... பலர் கை படும் பொருள்களை அடிக்கடி துடைங்க. வழவழப்பான பரப்புகளில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரைகூட உயிரோடு இருக்கும்.
* மசாஜ், சலூன், பார்லர் வேலையா? ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முன்னும் பின்னும் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க. ஒருவருக்குப் போட்ட துண்டை அடுத்தவருக்குப் போடாதீங்க.
* வாடிக்கையாளர் இருமிக்கொண்டே வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு மாஸ்க்கை நீட்டுங்க. "உடம்பு சரியானதும் வாங்கண்ணே, உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தர்றேன்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

லீவு கேட்பது குற்றமில்லை!

கை கழுவுவதைவிட முக்கியமானது, காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருப்பது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு வேலைக்குத் திரும்புங்க. அப்புறமும் சில நாள் மாஸ்க் போடுங்க.

'சம்பளம் போயிடுமே' என்ற பயம் நியாயமானது. ஆனால், 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, உடல்நலக் குறைவுக்காக ஆண்டுக்கு 12 நாள்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஹோட்டல், லாட்ஜுகளுக்குத் தனிச் சட்டம் இருக்கு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடிக்கிறார்களா? தகுதி நாள்களைப் பூர்த்தி செய்து, மருத்துவச் சான்றும் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70% கிடைக்கும். பொதுவாக முதல் 2 நாள்களுக்குக் கிடைக்காது.

முதலாளிகளே, இது உங்களுக்கும் லாபம்தான். ஒருவர் நாலு நாள் லீவு எடுத்தால் சமாளிக்கலாம். கடையில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்தால், சீசனே போச்சு! ஒருவர் வேலையை இன்னொருவரும் பழகி வைத்திருந்தால் இந்தத் தலைவலி வராது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, குறைந்து திரும்பவும் ஏறும் காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து, முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஆண்டுக்கொருமுறை போடும் ஃப்ளூ தடுப்பூசியை, சீசனுக்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் பண்ணுங்க.

அருவியில குளிக்க வந்தவங்க சந்தோஷத்தோட ஊர் திரும்பட்டும். காய்ச்சலோட வேணாமே!