கால்நடைகளில் கன உலோக மாசு: ஓசூர், தொரப்பள்ளி வட்டாரம்

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற உலோகங்கள் தீவனம், தண்ணீர், மண் வழியாக ஆடு மாடுகளின் உடலில் சேர்வதைக் கன உலோக மாசு என்கிறோம். இவை மக்குவதில்லை. குப்பைமேட்டுக்குத் தீ வைத்தால் குப்பை குறையும். ஈயமும் காட்மியமும் சாம்பலிலும் புகையிலுமாகப் பரவும்.

ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூரை அடுத்த தென்பெண்ணைப் படுகையில் உள்ளது. நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூருவின் கழிவையும் வாங்கிக்கொண்டே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் வழிகிறது. இந்த ஆற்றில் ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் பொங்கும் நுரை, நாளிதழ்களில் அடிக்கடி வரும் படம். அந்த நுரை பெரும்பாலும் சோப்புத்தூளின் வேலை. உலோகமோ நிறமும் வாடையும் காட்டாமல் வண்டலில் படிகிறது. அந்த வண்டலில் வளரும் புல்லுக்கும் ஏறுகிறது. பெல்லந்தூர் ஏரிப் படுகையிலேயே மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள் உண்டு.

குப்பைமேட்டில் வழி இன்னும் குறுகியது. உடைந்த பேட்டரியின் ஈயத் தகட்டை மாடு விரும்பி நக்கும். ஆட்டைப்போல் பொறுக்கித் தின்னும் பழக்கம் மாட்டுக்கு இல்லை. நாக்கில் சுருட்டியதை அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய துண்டு இரைப்பையின் வலைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரைகிறது. பார்வை மங்குவது, பல்லை நறநறப்பது, சுவரில் தலையை முட்டி நிற்பது, வலிப்பு ஆகியவை ஈய நச்சின் அடையாளங்கள். கன்றுகள்தான் முதலில் விழும்.

ஆந்திரத்தின் புட்டபர்த்தியில் மாடுகளின் வயிற்றிலிருந்து மூட்டையாக எடுக்கப்பட்ட பிளாஸ்டிக்கை 2012-இல் வெளிவந்த ‘பிளாஸ்டிக் கௌ’ ஆவணப்படம் நாட்டுக்குக் காட்டியது. அறுத்தால் பிளாஸ்டிக் கண்ணில் படும், உலோகம் படாது. கிராமப் பால் சங்கத்தில் பார்ப்பது கொழுப்பையும் இதர சத்துகளையும்தான். ஈயத்தை அளக்க ஆய்வகம் வேண்டும். பாலில் அதற்குச் சர்வதேச உணவுத் தர வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்.

பாலையும் கறியையும் விட உள்ளுறுப்புகளிலேயே தேக்கம் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காட்மிய வரம்பே இதைச் சொல்லிவிடும்: மாட்டுக்கறியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஈரலில் 0.5, சிறுநீரகத்தில் 1. வயதான மாட்டின் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கான காட்மியம் இருக்கும்.

ஈயம் எலும்பிலும் பதுங்குகிறது. சிகிச்சையில் தேறிய பசு சினைப்பட்டு ஈனும்போது, பாலுக்கான சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து இறங்கும். பழைய ஈயமும் அதனுடன் சேர்ந்து இரத்தத்துக்கு வரக்கூடும்.