பிழைக்கணக்கு

1949 ஜூன் மாதம். கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணினி மேல்மாடியில், காகித நாடாவில் துளையிட்டு நிரலைப் பதியும் கருவிகள் ஒரு தளம் கீழே. இரண்டுக்கும் நடுவே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான், அந்தக் கணினியைக் கட்டிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இனி தன் ஆயுளில் பெரும்பகுதி, தான் எழுதிய நிரல்களில் தானே செய்த தப்புகளைத் தேடுவதில்தான் போகப்போகிறது! அப்போது அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நிரலின் நாடா பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. மொத்தமே 126 வரி. பிழைகள் இருபது வாக்கில்.

ஆக, பிழை வருமா வராதா என்பது 1949லேயே தீர்ந்துபோன கேள்வி. வந்த பிழையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் மிச்சம். நல்ல நிரலாளருக்கான பழக்கங்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். நான் பார்த்தவரை மற்ற எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

வில்க்ஸ் குழு கண்ட வழி எளிமையானது. ஒருமுறை எழுதிச் சோதித்த துணைநிரல்களை நாடாக்களாகச் சேர்த்துவைத்தார்கள். அடுத்தவர் அதைப் பிரதியெடுத்துத் தன் நிரலில் ஒட்டிக்கொள்ளலாம். டேவிட் வீலர், ஸ்டான்லி கில் இருவரோடும் சேர்ந்து 1951ல் வில்க்ஸ் வெளியிட்ட நூல் இந்த முறையைத்தான் விளக்குகிறது. நிரலாக்கத்தின் முதல் பாடநூல் என்று அதைச் சொல்வார்கள்.

சரி, சரியானதைச் சேர்த்துவைத்தாயிற்று. தப்பானதை?

அதைச் சேர்த்துவைத்தவர் டொனால்ட் க்னூத். தன் புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சில் அசிங்கமாக வந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தவர். அதுதான் டெக். முழு நிரலையும் முதலில் காகிதத்தில் கையால் எழுதி முடித்தார். 1978ல் அதைக் கணினியில் ஏற்றித் திருத்தத் தொடங்கியதிலிருந்து, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பேரேட்டில் குறித்துவந்தார். பத்து வருஷத்தில் 850க்கு மேல் பதிவுகள். 1989ல் அத்தனையையும் அப்படியே கட்டுரையாகப் பிரசுரித்தார்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் அவற்றை 15 வகையாகப் பிரித்ததுதான். விரல் தவறியது ஒரு வகை. செய்ய நினைத்து மறந்தது ஒரு வகை. அடிப்படை வழிமுறையே கோணலாகப் போனது, யாரும் எதிர்பாராத நிலைமை வந்து கவிழ்த்தது என்று தனித்தனி வகைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விரல் தவறுகிறவருக்கு நிதானமாக ஒரு வாசிப்பு போதும். மறக்கிறவர் ஆரம்பிக்கும் முன்பே பட்டியல் போட வேண்டும். நாம் எந்த ரகம் என்பது எழுதிவைத்தால்தான் தெரியும். ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும்.

பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு அவர் 2.56 டாலர் காசோலையும் அனுப்பினார். 256 சென்ட், பதினாறடிமானக் கணக்கில் நூறு. வாங்கியவர்களில் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். இயக்குபவர் திரையில் ஒரு பதிவை வேகமாகத் திருத்தினால் நிரல் தடுமாறும் என்பது காரணங்களில் ஒன்று. இதே பிழை முந்தைய மாடலான தெராக்-20லும் இருந்தது. அங்கே வன்பொருள் காப்பு இருந்ததால் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். புதிய மாடலில் மென்பொருளை நம்பி அந்தக் காப்பை எடுத்துவிட்டார்கள். பழைய மாடலிலும் பிழை இருந்தது என்பது, புதியதில் உயிர்கள் போன பிறகே தெரிந்தது. ஃபியூஸ் போவதும் ஒரு சேதிதான். அதை யாராவது படிக்க வேண்டும்.

வேலையில் புதிதாகச் சேருகிறவர்களை நான் வாங்கிவரச் சொல்வது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, என்ன நடந்தது, ஏன் நடந்தது, முதலிலேயே ஏன் கண்ணில் படவில்லை. நாலே கட்டம்.

"அதான் கிட்ல எல்லாம் இருக்கே சார்?" என்பார்கள்.

"இருக்கு. என்ன மாத்தினோம்னு இருக்கு. ஏன் தப்பு பண்ணோம்னு இருக்கா?"

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த நோட்டை எந்த மேலாளரும் அப்ரைசலுக்குக் கேட்கக்கூடாது. கேட்டால் அன்றோடு அது பொய்க்கணக்காகிவிடும். க்னூத் தன் 850 பிழைகளையும் தானே முன்வந்து ஊருக்குக் காட்டினார். அதற்காக யாரும் அவரை மட்டமாக நினைக்கவில்லை. அந்த நம்பிக்கையை ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனுக்குக் கொடுக்க முடிந்தால், மற்ற பழக்கங்களை அவனே கற்றுக்கொள்வான்.