பரீட்சைக்கு வராத ஊரு

நான் பள்ளிக்கூடம் படிச்சது மேட்டூர்ல. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு மூணு எண் மனப்பாடம்: அணை திறந்த வருஷம் 1934, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

ஒன்பதாவது படிக்கிறப்போ சோஷியல் பீரியட்ல என் பெஞ்ச் பையன் எழுந்து, "சார், எங்க தாத்தா பொறந்த ஊரு தண்ணிக்குள்ள இருக்கு. அங்க இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"ன்னு கேட்டான். சார் கொஞ்சம் யோசிச்சார். "அது பரீட்சைக்கு வராதுப்பா"ன்னுட்டார்.

அவன் கேட்டது சமூகவியல் கேள்வி. ஊர் காலியானப்போ நிலம் யார் பேர்ல இருந்தது? நிலமே இல்லாம கூலிக்கு உழைச்சவங்களுக்கு என்ன கிடைச்சது? ஆனா நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்னா வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். சமூகவியலுக்குத் தனி இடம் கிடையாது. சி.பி.எஸ்.இ.யிலும் அது பதினொண்ணாவதுலதான் வரும், அதுவும் விருப்பப் பாடமா.

பல வருஷம் கழிச்சு, ஓய்வு பெற்ற அந்த சாரைப் போய்ப் பார்த்தேன். "கேள்வி புரியாம இல்ல தம்பி. நிலம் யாருதுன்னு ஆரம்பிச்சா, யாரு எந்தத் தெருன்னு போகும். அடுத்து சாதி வரும். மறுநாள் பத்து பேரு பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னா எனக்கு யாரு துணை?"ன்னார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்துல உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் போராடினது அதுல வரும். தங்களை இழிவா எழுதியிருக்காங்கன்னு 2012-ல தமிழ்நாட்டுல கடும் எதிர்ப்பு. 2016 கடைசியில சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைத் தேர்வுலேர்ந்து எடுத்தது. 2019-ல பாடமே போச்சு. மனசு புண்பட்டவங்க பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். அப்படின்னா திருத்தி எழுதணும். அதைச் செய்யாம நீக்கிட்டாங்க.

ஆனா இப்ப வேலையில இருக்கிற ஒரு டீச்சர் சொன்னது வேற. "நாம பேசலன்னா பசங்க சாதியைக் கையில கட்டுற கயிறுலேர்ந்து கத்துக்குவாங்க." 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினது அவன் பள்ளி மாணவங்க. அதுக்கப்புறம் அமைஞ்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுக்குத் தடையோட, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் மாத்தணும்னு அது சொல்லுது. எனக்கு அந்த ரெண்டாவதுதான் முக்கியமாப் படுது. தயார் செய்யாத ஆசிரியரை, துணைக்கு ஆளில்லாம, இந்தக் கேள்விகள் முன்னாடி நிறுத்திட்டோம்.

நீர்மட்டம் நல்லா இறங்கினா பண்ணவாடி பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், ஒரு தேவாலயக் கோபுரமும் வெளிய தெரியும். நாம போய் செல்ஃபி எடுத்துட்டு வர்றோம்.

கிளம்புறப்போ சார்கிட்ட கேட்டேன், "அந்தப் பையன் இன்னைக்குக் கேட்டா என்ன சொல்வீங்க?" வாசல் வரைக்கும் வந்தவர் சொன்னார்: "உங்க தாத்தாகிட்ட கேட்டு எழுதிட்டு வா, எல்லாரும் உக்காந்து படிக்கலாம்னு சொல்வேன்."