கொல்லிமலை பாக்சைட்டும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் உச்சிப் பகுதிகளில் படிந்துள்ள அலுமினியத் தாது பாக்சைட். அடியிலுள்ள சார்னோகைட் பாறை நெடுங்கால மழையில் சிதைந்து, கரைவன கழுவப்பட்டுப் போக, அலுமினியமும் இரும்பும் தங்கியதால் உண்டானது. சேர்வராயன் மலையிலும் இத்தகைய படிவு உண்டு. 1965-ல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) இவ்விரு மலைகளின் தாதுவையும் பயன்படுத்தியது. 2008-ல் அதன் உருக்காலை மூடப்பட்டது.

உலோகம் தருவதோடு, நீரில் கரைந்த மாசைப் பிடித்துவைக்கும் குணமும் இத்தாதுவுக்கு உண்டு. நீர் அமிலப் பக்கம் இருக்கும்போது அலுமினிய, இரும்பு ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பு நேர்மின்சுமை பெறுகிறது. எதிர்மின்சுமை கொண்ட ஃபுளூரைடு, பாஸ்பேட், ஆர்சனேட் அயனிகளும் சில சாயங்களும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் காரமானால் பிடி தளரும். இவ்வாறு அயனிகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பர்.

நீரில் கரைந்ததைப் பிடித்துவைக்கும் குணம் மண்ணுக்கும் உண்டென்பதை 1850-ல் இங்கிலாந்தின் ஜே. தாமஸ் வே அம்மோனியாவைக் கொண்டு காட்டினார். தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்குச் சாயப்பட்டறைகளே உந்துதல் தந்தன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சி. நமசிவாயம், தாதுவை அல்ல, அதன் கழிவை எடுத்துக்கொண்டார். பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் செஞ்சேறு அது. காங்கோ சிவப்பு என்னும் சாயத்தை அது கவர்வதை 1997-ல் வெளியான ஆய்வில் அவரும் உடன் ஆய்வாளரும் அளந்து காட்டினர். ஒரு கிராம் சேறு பிடித்தது ஏறத்தாழ 4 மில்லிகிராம் சாயம். அதாவது, ஒரு கிலோ சாயத்தை நீக்க 250 கிலோ சேறு வேண்டும். பிறகு சாயமேறிய அந்தச் சேற்றைப் பாதுகாப்பாகக் கொட்ட இடமும் வேண்டும். செஞ்சேறு கடும் காரத்தன்மை உள்ளது என்பதால் முதலில் அதைத் தணிக்கவும் வேண்டும். இந்தச் சுமைகள் ஆய்வின் மதிப்பைக் குறைப்பதில்லை. கழிவைக் கொண்டு கழிவை அடக்கலாம் என்ற அதன் திசை சரியானது. சாமையும் தினையும் விளைகிற, ஐயாறு பிறக்கிற கொல்லிமலையைப் புதிதாக வெட்டி வடிகட்டி செய்வதைவிட, ஆலைகள் விட்டுச்சென்ற சேற்றைத் தொடுவதே நியாயம்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கதை இம்முறையின் எல்லையையும் காட்டுகிறது. திருப்பூர்ச் சாயநீரில் நிறத்தைவிடப் பெரிய தொல்லை உப்பு. சோடியம் குளோரைடைப் பாக்சைட்டோ செஞ்சேறோ சொல்லத்தக்க அளவில் கவர்வதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமீறிய சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், அங்கு எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் கொண்ட ‘பூஜ்ய வெளியேற்ற’ முறையே நிலைபெற்றது.