மோட்டார் கொட்டகையில் ஒரு பட்டன் போன்

ஒரு பழைய பட்டன் போன், 8870 என்று எண் பொறித்த ஒரு சின்ன ஐசி, இரண்டு ரிலே. கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயிக்கு ராத்தூக்கத்தை மீட்டுக் கொடுத்த சாமான்கள் இவ்வளவுதான். கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் கரும்புக்கொல்லைகளையும் நெல்வயல்களையும் பார்த்தவர்களுக்கு அந்தத் தூக்கத்தின் அருமை தெரியும்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆனால் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வரவில்லை. பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று நெடுங்காலம் முறைவைத்துத்தான் வந்தது. கரண்ட் போனால் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காயில் பிடியை விட்டுவிடும், மோட்டார் நிற்கும். திரும்பக் கரண்ட் வந்ததும் யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அந்த ‘யாராவது’ டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டும். மழைக்காலத்து வரப்பில் பாம்பு கிடக்கும். கொட்டகை ஈரத்தில் 440 வோல்ட் காத்திருக்கும்.

முதலில் வந்தது ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்து சில நொடி கழித்துத் தானே பட்டனை அழுத்தும் ஏற்பாடு அது. மூன்றில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும் என்பதால் அதைத் தடுக்கும் கருவியும் கூடவே சேர்ந்தது. கருகிய மோட்டாருக்குக் ‘காயில் கட்டுவது’ அந்த நாளில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வருஷச் செலவுகளில் ஒன்று. ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு வயலின் தேவை தெரியாது. கரண்ட் வந்தால் ஓடும். பாத்தி நிரம்பி வழிந்தாலும் ஓடும்.

அங்கேதான் பட்டன் போன் நுழைந்தது. 2003இல் நோக்கியா 1100 வந்தது. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், விழுந்தாலும் உடையாது. உலகமெங்கும் சுமார் 25 கோடி விற்ற அந்த போன் பழசானபோது அதற்கு இன்னொரு வேலை காத்திருந்தது. போன் பட்டனை அழுத்தும்போது கேட்கும் ‘பீப்’ ஒற்றை ஒலி அல்ல. இரண்டு ஒலிகளின் கலவை. ஒன்றாம் எண்ணுக்கு 697, 1209 ஹெர்ட்ஸ். 1960களில் அமெரிக்கத் தொலைபேசிகளுக்காக வந்த முறை இது. அந்தக் கலவையைப் பிரித்து எந்தப் பட்டன் என்று சொல்லும் ஐசிதான் 8870. அது ஓடுவதற்கு 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று வேண்டும். அதுவோ அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிகளுக்காக மலிவாகச் செய்து குவித்த துண்டு. தானே அழைப்பை எடுக்கும்படி வைத்த போனின் இயர்போன் கம்பியை இந்த ஐசிக்குக் கொடுக்க வேண்டும். ஐசி தரும் சிக்னல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ரிலே என்ற மின்சுவிட்சைத் தட்டும். ஒரு ரிலே பச்சைப் பட்டனின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே நிற்கும். இன்னொன்று சிவப்புப் பட்டனின் பாதையை வெட்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழைத்து ஒன்றை அழுத்தினால் தண்ணீர், இரண்டை அழுத்தினால் நிறுத்தம்.

இந்தியாவெங்கும் பாலிடெக்னிக் மாணவர்களும் ஊர் மெக்கானிக்குகளும் இதைச் செய்து பார்த்தார்கள். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் இதே தேவையை ‘நானோ கணேஷ்’ என்ற கருவியாக்கி, 2009இல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் பரிசு வாங்கினார். இன்று கோயம்புத்தூரிலிருந்து சிம் கார்டு போடும் ஸ்டார்ட்டர்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன. பெட்டி வருவதற்கு முன்னால் மேசைமேல் செய்துபார்த்த கைகளின் கதை அதிகம் எழுதப்படவில்லை.

அந்தக் கைகளுக்கு வயது அதிகம். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. வால்வு ரேடியோ வீட்டுக்கு வந்த காலத்தில் அது ஒரு சொத்து. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. செட்டைப் போட்டு வால்வு சூடேறும்வரை காத்திருந்தால்தான் குரல் வரும். உள்ளே 250 வோல்ட் ஓடும். அதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரை ‘ரேடியோ மெக்கானிக்’ என்று சொல்லும்போதே மக்கள் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோ கம்பியிலிருந்து விடுபட்டது. பேட்டரி போட்டால் போதும், மின்கம்பி வராத ஊரிலும் பாடும். பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியைச் சுற்றிக் கூடியவர்கள் இப்போது களத்துமேட்டிலேயே இலங்கை வானொலி கேட்டார்கள். மலைக்காரர்களுக்கும் ரேடியோ எட்டியது இப்படித்தான்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையின் வரலாறு சமவெளியினுடையது போன்றதல்ல. நாடு விடுதலை பெற்று முப்பது ஆண்டுகள் நெருங்கிய 1976இல்தான் அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. சாலை, பள்ளி, மின்சாரம் எல்லாமே அதன் பிறகு மெல்ல மெல்ல ஏறியவை. இன்றும் மலையில் செல்போன் சிக்னல் பிடிக்க மேடு தேட வேண்டிய இடங்கள் உண்டு. சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி என்று இறக்கி விற்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பழுதான பொருளையும் அதே வழியில்தான் இறக்கியாக வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி. ஒரு ரேடியோ ரிப்பேருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முடிந்தவரை உயிரோடு வைத்திருப்பதும், முடியாதபோது அதன் ஸ்பீக்கரையாவது இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வதும் மலையில் பொழுதுபோக்கு அல்ல. அது பிழைப்பின் பகுதி.

சமவெளியிலும் ஸ்பேர் சுலபமாகக் கிடைத்ததில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு பட்டியலைக் கொடுத்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் மாவட்டந்தோறும் இருந்தார்கள். கிடைக்காததைச் செத்த செட்டிலிருந்து கழற்றினார்கள். எஸ்.எல். 100 என்ற உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர், கேங் கண்டென்சர் எதையும் அவர்கள் வீசியதில்லை. மெக்கானிக் மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டிதான் அவருடைய கிடங்கு. தெருவில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிப் போனவரிடம் வீட்டுப் பெண்கள் எதைப் போட்டாலும், மெக்கானிக் அந்தத் தள்ளுவண்டியை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் போகவிடுவார். காயலான் கடைக்காரரும் அவருக்குக் கூட்டாளி.

இந்தக் கைகள் செய்த பொருள்களில் ஊர் மறக்காதது ஆம்ப்ளிஃபயர். காருக்குள் பாட வைப்பதற்காகச் சான்யோ நிறுவனம் செய்த எல்.ஏ. 4440 என்ற ஐசி தமிழ்நாட்டு வீடுகளில் ‘4440 போர்டு’ ஆனது. பழைய வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள் அந்த போர்டு உட்கார்ந்தது. பாஸ் வேண்டுமா? ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்கள். பானைக்குள் அடைபடும் காற்று தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஒலியியல் புத்தகத்தில் உள்ள விதிதான், குயவரிடம் வாங்கிய பொருளில் வேலை செய்தது.

பின்னால் கம்ப்யூட்டர் பெட்டிகள் காயலான் கடைக்கு வரத் தொடங்கியதும் அவற்றுக்குள்ளிருந்த எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி கைமாறியது. அதன் பச்சை ஒயரைக் கருப்பு ஒயரோடு சேர்த்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே அது உயிர்பெறும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். எந்தப் பாடநூலும் பார்க்காமல் இந்த நிறக் கணக்கை ஒப்பிக்கும் பையன்களை எந்தத் தாலுகா ஊரிலும் பார்க்கலாம்.

பிறகு வந்தது வெள்ளம். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்து ஆண்டு கழித்து, 2011இல் அதே தேதியில், மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப்பும் வந்தது. மின்சாதனம் என்றால் ஒரு பல்பு மட்டுமே இருந்த குடிசைக்குள் ஐந்தாறு மோட்டாரும் போர்டும் ஒரே தலைமுறையில் நுழைந்தன. பொருளாதாரம் பேசுகிறவர்கள் இந்தத் திட்டங்களைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறார்கள். ரிப்பேர் கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. மலைக் கிராமத்துப் பிள்ளை திருப்புளி பிடித்துத் திறந்து பார்க்க, ரேடியோவைத் தாண்டியும் பொருள்கள் வீட்டிலேயே இருந்தன.

இன்று அவற்றில் பெரும்பகுதி பரணில் கிடக்கிறது. பிக்சர் டியூப் டிவியை யாரும் வாங்குவதில்லை. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்து வாய்க்காலில் போட்டால் ஈயமும் சேர்ந்தே போகும். உலகம் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவைத் தள்ளியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகள் பழைய பொருளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. வெள்ளிமலைப் பரணுக்கு அந்த விதி எப்போது ஏறிவரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் இடையில் மலிவான ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் இருந்த ஒரு வடிவமைப்புக் கல்லூரியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காக மாஸ்ஸிமோ பான்ஸியும் நண்பர்களும் ஒரு போர்டு செய்தார்கள். அதுதான் ஆர்டுயினோ. வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால் அதே போர்டை யாரும் செய்யலாம், சில நூறு ரூபாய்க்கு விற்கலாம். 2014 வாக்கில் வைஃபை சேர்ந்த ஈ.எஸ்.பி. 8266 அதைவிடச் சின்னதாக வந்தது. பழைய மெக்கானிக் ஒரு கருவியின் நடத்தையை மாற்ற நினைத்தால் ஈயத்தை உருக்கிக் கம்பியை மாற்ற வேண்டும். இதில் நிரலின் நான்கு வரியைத் திருத்தினால் போதும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்குத் தெரியாத வயலின் தேவையை, ஈரம் அளக்கும் ஒரு சென்சரை வைத்து இந்தப் போர்டுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

செத்த ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸர் போய்விட்டது, கதவும் பெட்டியும் நன்றாக இருக்கின்றன. குளிரை உள்ளே வைத்த சுவர் வெப்பத்தையும் உள்ளே வைக்கும். அதற்குள் இரண்டு குண்டு பல்பு, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி, அடியில் ஒரு தட்டுத் தண்ணீர், வெப்பமும் ஈரமும் அளக்கும் ஒரு சென்சர், ஒரு ரிலே, ஒரு ஆர்டுயினோ. வெப்பம் 37.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பல்பு எரியும், ஏறினால் அணையும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மெல்லோட்ட மோட்டார் முட்டைகளை மெதுவாகத் திருப்பும். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தைக் கூட்ட வேண்டும். இருபத்தோராம் நாள் நாட்டுக்கோழிக் குஞ்சு ஓட்டை உடைக்கும். பல ஊர்களில் கோழி வளர்ப்போர் இப்படிச் செய்துவிட்டார்கள். நாட்டுக்கோழி வளர்க்கும் மலைக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுபிறவி ஃபிரிட்ஜுக்குக் கிடையாது. கம்ப்ரஸரின் வாயுவை மட்டும் தெரிந்தவர் கையால் இறக்க வேண்டும். டிவியைத் திறப்பவரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

மரவள்ளிக் கொல்லையில் இரவில் காட்டுப்பன்றி புகுந்தால் பழைய டிவியின் ஸ்பீக்கரும் அசைவை உணரும் ஒரு சென்சரும் சேர்ந்து ஓசை எழுப்பலாம். ரேடியோவை விடிய விடியப் பாடவிட்டுப் பன்றி விரட்டும் பழைய உத்தியின் அடுத்த படி இது.

இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமலில்லை. பக்கத்து மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது. நாடெங்கும் 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்காக, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம். அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைப்பதாக 2025 பட்ஜெட் அறிவித்திருக்கிறது. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அவை முதலில் வர வேண்டும்.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைத்திறனுக்கு அது தகும். எண்பது வருஷமாக இந்த நாட்டின் ரேடியோவையும் மோட்டாரையும் டிவியையும் ஓட வைத்த ரிப்பேர் கைகளில் பலவற்றுக்குச் சான்றிதழ்கூட இல்லை. தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகம் வந்தால், கிட் பெட்டியில் உள்ள பல்பை எரியவிடுவதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். பரணில் கிடக்கும் மிக்ஸியையும் மின்விசிறியையும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ரிப்பேர்காரரை வாரத்துக்கு ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். அந்த நாளுக்கு அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.