மறைய மறந்த நாளம்

என் மனைவியின் தமையனாருக்கு இருதயம் தாளம் தப்பி ஓடுகிற வியாதி. தொடையிலுள்ள ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை இருதயத்துக்குள் செலுத்தி, தப்புத்தாளம் கிளம்புகிற இடத்தில் சூடு வைத்தார்கள். நினைத்ததைவிட நேரமாயிற்று. டாக்டர் வெளியே வந்து, "ஸார், இவருக்கு மார்பின் இடது பக்கத்தில் ஒரு பெரிய நாளம் அதிகப்படியாக இருக்கிறது. பிறக்கும் முன்பே மறைந்திருக்க வேண்டியது" என்றார். மைத்துனர் கண் விழித்ததும் சங்கதியைச் சொன்னேன். "ஐம்பத்தைந்து வருஷம் என் மார்பிலேயே குடியிருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பார்த்தீர்களா மாப்பிள்ளை!" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தக் குடித்தனக்காரனின் பூர்வீகத்தை விசாரிக்கப் புறப்பட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பாத்திரம் லேசில் கிடைக்காது.

கருவில் முதலில் நம் எல்லோருக்குமே, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தை இருதயத்துக்குக் கொண்டுவர, இடம் வலமாக இரண்டு பெரிய நாளங்கள் இருக்கின்றன. பிறகு குறுக்கே ஒரு கால்வாய் உண்டாகி, இடது பக்கத்து ரத்தம் வலது பக்கம் திரும்பிவிடுகிறது. நீர்வரத்து நின்ற வாய்க்கால் தூர்ந்துபோவதுபோல இடது நாளம் சுருங்கி, இருதயத்தின் பின்புறத்தில் ஒரு மடிப்பும் ஒரு சின்ன நாளமுமாக மிஞ்சுகிறது. 1850-ல் இதை விஸ்தாரமாக எழுதியவர் லண்டன் சர்ஜன் ஜான் மார்ஷல். மனிதக் கருவையும் மிருகங்களின் கருவையும் ஒப்பிட்டுப் பார்த்த மனிதர். மிச்சமான அந்தச் சின்ன நாளத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு வாய்க்கால் தூர்வதே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அக்காலத்தில் இந்த ஞானத்தால் எந்த நோயாளிக்கு என்ன லாபம்?

லாபம் தெரிய, இருதயத்துக்குள் குழாய் நுழைய வேண்டியிருந்தது. 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி கூடாதென்று தடுத்தும், அந்தக் காரியத்தைத் தம் உடம்பிலேயே செய்து பார்த்தார். கருவிகளின் பொறுப்பு ஒரு நர்ஸிடம் இருந்தது. பரிசோதனை அவளுக்குத்தான் என்று நம்பவைத்து மேஜையில் கட்டிப்போட்டுவிட்டு, தம் இடது முழங்கை நாளத்தைத் திறந்து, சிறுநீர்க் குழாய் ஒன்றை 65 சென்டிமீட்டர் வரை உள்ளே தள்ளினார். அப்படியே எக்ஸ்-ரே அறைக்கு நடந்துபோய், அது இருதயத்தில் நிற்பதைப் படம் பிடித்துக்கொண்டார். நர்ஸை ஏமாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. துணிச்சலை மறுக்க முடியவில்லை. 1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அவர் நுழைந்தது இடது கை வழி. அந்தக் குறுக்குக் கால்வாயில்தான் குழாய் வலது பக்கம் திரும்பியது. அவரும் ஆயிரத்தில் மூவராக இருந்திருந்தால், குழாய் இடது பக்கமே நேரே இறங்கி, கொல்லைப்புறமாக இருதயத்துக்குள் வந்திருக்கக்கூடும்!

1982-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழுவினர், குழாய் நுனியில் மின் அதிர்ச்சி கொடுத்து இருதயத்தின் மின்பாதையைத் துண்டித்த செய்தியை வெளியிட்டார்கள். தாளக்கேடு அடங்கியது, ஆனால் இருதயத்தைத் துடிக்கவைக்கப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. பின்னால் அதிர்ச்சியின் இடத்துக்கு ரேடியோ அலைச் சூடு வந்தது. 1998-ல் பிரான்ஸில் போர்டோ நகரத்து மிஷேல் ஹைஸாகெர் குழு, 45 நோயாளிகளிடம் தப்புத்தாளம் கிளம்பும் 69 இடங்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் 65, நுரையீரலிலிருந்து வரும் நாளங்களுக்குள் இருந்தன. கலகம் இருதய அறையில் அல்ல, வந்து சேரும் வழிகளில்!

வழிகளைச் சந்தேகிக்கத் தொடங்கியபின் பழைய வாய்க்கால் தப்புமா? 2004-ல் அதே போர்டோ குழு, மறையாத இடது நாளத்திலிருந்தே தாளக்கேடு கிளம்பிய ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதியது. தூர்ந்துபோனவர்களிடமும் மார்ஷலின் மடிப்பு கலகம் செய்வதுண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டனில் மிகேல் வால்டெர்ராபானோ, மார்ஷல் நாளத்துக்குள்ளேயே ஆல்கஹால் செலுத்தி அக்கம்பக்கத்துத் தசையை அடக்கும் முறையை 2009-ல் எழுதினார்.

மைத்துனரின் நாளம் குற்றவாளி அல்லவாம். ஆனால் அது வந்து விழும் வாய் அகன்றிருந்ததால், அடையாளத்துக்கு அங்கே நிறுத்தும் குழாய் நிலைகொள்ளாமல் ஆடியிருக்கிறது. நாளைக்குப் பேஸ்மேக்கர் கம்பி போடுகிறவர் இடது தோள் வழியாக நுழைந்து திகைக்காதிருக்க, டாக்டர் எல்லாவற்றையும் படத்தோடு எழுதிக் கொடுத்தார். மைத்துனர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, பர்ஸில் ரயில் பாஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறார்.