கொழுந்து மலையும் ஓட்டக்களமும்

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியில் அமைந்தது நோர்வூட். 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றிய இடம் இந்நகரின் மைதானமே. கூட்டம் கலைந்த பின்னும் மைதானம் மைதானமாகவே நிற்கும். தோட்டத்துச் சிறுமியர் ஓடுதற்கும் அஃது உரியதே. ஆயினும் பூப்பெய்திய பெண் ஓடலாமா என்னும் வினா, அவளுக்கு முன்னரே களத்தில் வந்து நின்றுவிடுகின்றது. அவ்வினாவிற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1873இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்ட் கிளார்க், மாதவிடாய்ப் பருவத்தில் கடுமையாகப் பயிலும் பெண்ணின் உடல் சீர்கெடும் என்று எழுதினார். அதே காலத்தில் இலங்கை மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர், நோயால் அழிந்த கோப்பியின் இடத்தைப் பற்றிப் பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த பெண்கள் கூடை சுமந்து செங்குத்தான மலைகளில் ஏறினர். அவர்தம் மாதவிலக்கைக் கருதி எவரும் வேலையை நிறுத்தினாரல்லர். நிறை குறைந்தால் அரைப்பேரே கிட்டியது. ஒருத்திக்கு ஏடும் பாரமாயிற்று. மற்றொருத்திக்குக் கூடையும் பாரமன்று எனப்பட்டது. இரு முடிவுகளும் பெண்ணைக் கேட்டுச் செய்யப்பட்டவை அல்ல.

கேட்டுப் பார்த்தவர் மருத்துவர் மேரி புட்னம் ஜக்கோபி. பெண்கள் பலரிடம் வினவி, நாடித்துடிப்பையும் அளந்து, மாதவிடாயின்போது எல்லோருக்கும் ஓய்வு கட்டாயம் என்பதற்கு ஆதாரமில்லை என அவர் நிறுவினார். அவ்வாய்வு 1876இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பரிசினைப் பெற்றது.

எனினும் அச்சம் அகலவில்லை. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லையைக் கடந்தனர். ஆயினும் பலர் மயங்கி வீழ்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன் பயனாக 1960 உரோமாபுரிப் போட்டி வரை, 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் மகளிர்க்கு மறுக்கப்பட்டது. மகளிர் மரதன் 1984இலேயே இடம்பெற்றது. 2000இல் சிட்னியில் 200 மீட்டர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இலங்கைப் பெண்மணியானார்.

இன்றைய அறிவு கூறுவது என்ன? மாதச் சுழற்சி சராசரி 28 நாள். பூப்பெய்திய முதலாண்டுகளில் 45 நாள் வரை நீளுதலும் உண்டு. ஓமோன்களின் ஏற்றத்தாழ்வு ஓட்டத்தின் விரைவைப் பெரிதும் குறைப்பதில்லை. ஆனால் வயிற்றுவலி, சோர்வு, உறக்கக்குறைவு ஆகியன ஆளுக்கு ஆள் வேறுபடும். மிகுதியான குருதிப்போக்கு இரும்புச்சத்தைக் குறைத்து நெடுந்தூர ஓட்டத்தைத் தளர்த்தும். உணவோடு பருகும் தேநீரும் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பது தேயிலை நாட்டார் கருதத்தக்கது. மூன்று மாதம் மாதவிடாய் வாராதிருப்பின் அதனைக் கடும்பயிற்சியின் சிறப்பென மகிழ்தல் தவறு. உழைப்புக்கேற்ற உணவின்மையால் எலும்பு வலுவிழப்பதன் அறிகுறியாக அஃது இருத்தல் கூடும். மருத்துவரை நாடல் வேண்டும்.

தமிழில் இந்நாட்களை ‘விலக்கு’ என்றும் ‘தூரம்’ என்றும் வழங்குவர். லயக் காம்பிராவின் மூலையில் ஒதுக்கப்படும் சிறுமி, பின்னர்க் களத்தினின்றும் ஒதுங்கிவிடுகிறாள். மாற்று அணையாடையும், தூய நீரும், தாழிடத்தக்க கழிப்பறையும், கூசாமல் வினவும் பயிற்சியாளரும் இருப்பின், அவளைத் தடுப்பது பெரும்பாலும் உடலன்று. ஓடுவதோ ஓய்வதோ, அன்றைய நிலையறிந்து அவளே கூறட்டும். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிறர் கூறிவந்த விடை அது.